கள்களி

படிவத்தில் நான்கு கட்டங்கள்.
இடத்தின் பெயர், அட்சரேகை, தீர்க்கரேகை,
பெயர்க் காரணம்.
கடைசிக் கட்டம்தான் இருப்பதில் சிறியது,
ஐம்பது எழுத்துக்கு மேல் விழுங்காது.

வர்ளி கோளிவாடாவின் படகுத்துறையில்
கால் உடைந்து கட்டுப்போட்ட நாற்காலியில் உட்கார்ந்து
கரையோர வரைபடத்துக்குப் பெயர் சேர்க்கிறேன்.
தினக்கூலி. மதியம் ஒரு வடாபாவ்.

மராத்தி பேச வரும், எழுதக் கை தயங்கும்.
காதில் விழுவதை முதலில்
தமிழில் கிறுக்கிக்கொள்கிறேன்.
அதில் ஒரு வசதி.
இவர்கள் நாக்கை மடித்துச் சொல்லும் அந்த ள
என் வாயிலும் பிறந்ததிலிருந்து குடியிருக்கிறது.
ஆங்கிலப் பலகைகளில் அதற்கு இடமில்லை.

தாராவியில் எங்கள் சந்துப் பையன்கள்
இந்தப் பெயரைக் கோழிவாடை என்பார்கள்
மூக்கைப் பிடித்துக்கொண்டு.
வாடை மீனுடையது.
கோழி பாவம்.

சயானும் அப்படித்தான்.
சிவ் என்றால் எல்லை என்கிறார்கள் மராத்தியில்.
குன்றேறி ஜெபித்த பாதிரிமார் காதில்
அது சீயோன் மலையாக விழுந்ததாம்.
ஐந்தாம் வகுப்புவரை நான்
அங்கே சிவன் கோயில் தேடினேன்.
ஒரே எல்லையில் நின்று
அவரவர் சாமி அவரவருக்குக் கேட்டிருக்கிறது.

அங்குஷ் தாண்டேல் எஞ்சினை அணைத்தார்.
பாலத்துக்கு அப்பால்
கடல் வற்றும்போது மட்டும் தலைகாட்டும் பாறை.
கள்களி, என்றார்.
கள்ளும் களியுமா!
சிரிப்பை உதட்டுக்குள் வைத்துக்கொண்டு
காரணம் கேட்டேன்.

'இடுக்கில் தண்ணீர் புகுந்து வெளியேறும் சத்தம்,
வேறென்ன?'

'சத்தமாம் சத்தம்!'
வலை மடித்துக்கொண்டிருந்த தம்பி நாம்தேவ் நிமிர்ந்தார்.
'அது கெங்குச் சித்தி.
போன படகு மூன்று நாள் வரவில்லை.
நான்காம் நாள் பாய் தெரிந்ததும்
அந்தப் பாறைமேல் நின்று சிரித்தாள்,
கள்கள் என்று, கரை முழுக்கக் கேட்க.'

'சிரித்தாளா? அழுதாள் என்றல்லவா அப்பா சொன்னார்.'

'நீ கேட்டாயா?'

'நீ கேட்டாயா?'

இருவரும் கேட்டதில்லை.
தூரத்தில் இருந்தவர்கள் வைத்த பெயர்.
அவர்களுக்கு எட்டியது ஒலி மட்டும்.

வெள்ளைக்காரன் காலத்துப் படத்தில் இதே பாறைக்கு
ஒரு கப்பலின் பெயர்.
ஓர் இரவு வந்து முட்டிவிட்டுப் போன கப்பல்.
முட்டியதற்கே பெயர் கிடைக்குமென்றால்
சித்தி மூன்று நாள் காத்திருக்கவே வேண்டாம்.

இதைச் சொன்னபோது அண்ணன் தம்பி
முதல்முறையாக ஒன்றாகச் சிரித்தார்கள்.
அதற்குள் தண்ணீர் ஏறிவிட்டது.
பாறை இருந்த இடத்தில் நுரை,
பிறகு அதுவும் இல்லை.

கர்மர்கர் சாருக்குப் பொறுமை குறைவு.
'தண்ணீரா, பெண்ணா? ஒன்றைப் போடு.'
சத்தம், என்று போட்டேன்.
ஐம்பதில் நாற்பத்தைந்து மிச்சம்.

பெயரை ஆங்கிலத்தில் அடிக்கச் சொன்னார்கள்.
ள-வுக்காக எழுத்தின் அடியில் ஒரு புள்ளி வைத்தேன்,
இரண்டு ள, இரண்டு புள்ளி,
வைக்கத் தெரிந்துகொள்ளவே அரை மணி ஆனது.
அச்சாகி வந்த தாளில்
இரண்டு இடத்திலும் கேள்விக்குறி.
மாற்றித் தரச் சொன்னால்
அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்றார்கள்.

தாளை நாம்தேவிடம் கொடுக்க வெட்கமாக இருந்தது.
அவருக்கு ஆங்கிலம் தெரியாது.
மீன் செதிள் ஒட்டிய விரலால் பெயரைத் தடவிக்கொண்டே போய்
கேள்விக்குறியில் நின்றார்.

'இது தூண்டில் முள்தானே?'

நான் வாய் திறப்பதற்குள்
தாளை அண்ணனிடம் நீட்டிவிட்டார்.
'விவரம் தெரிந்தவன்தான் போட்டிருக்கிறான், பார்.
அந்தப் பாறையில் நம் முள் மாட்டாத நாள் உண்டா?'